முப்பது நாள் பேசாதிருந்த குற்றம்

நான் எழுதிய சட்டத்தில் முதலில் மாட்டியது நான்தான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முப்பத்திரண்டு பக்கம் மூளையைக் கசக்கி எழுதிவிட்டு அதிலேயே போய் விழுந்த ஒருத்தியைப் பார்த்தால் நானும்தான் சிரிப்பேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலை குற்றச் சட்டங்களை எழுதுவது. எழுதிய கையோடு சட்டம் ஊருக்கு வந்துவிடாது. முதலில் ஒரே ஒரு தெருவில் நூறு நாள் அமலில் இருக்க வேண்டும். தெருவைக் குலுக்கலில் எடுப்பார்கள். சட்டத்தை எழுதியவர் அந்த நூறு நாளும் அதே தெருவில் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதைத் தெருவில் நின்று பார் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்படுத்தி வைத்த வழக்கம் அது.

நல்ல வழக்கம்தான். காகிதத்தில் கம்பீரமாக நின்ற எத்தனையோ சட்டங்கள் தெருவுக்கு வந்ததும் தடுக்கி விழுந்திருக்கின்றன. பொய் சொன்னவன் சொன்ன இடத்திலேயே நின்று உண்மையை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பன்னிரண்டாம் நாள், பொய்யே பரவாயில்லை, எங்களைக் கொஞ்சம் தூங்க விடுங்கள் என்று தெருவே திரண்டு மனுக் கொடுத்தது. ஒரு வீட்டில் திருட்டுப் போனால் தெரு முழுக்கக் குற்றவாளி என்று இன்னொன்று. ஒன்பது நாளில் ஒருவரையொருவர் வேவு பார்த்தே தெரு இளைத்துப் போனது. ஆனால் சில சட்டங்கள் யாரும் எதிர்பாராமல் பிழைத்துக்கொண்டன. வரிசையில் இடையில் நுழைந்தவன், தனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்காகவும் அடுத்த முறை வரிசையில் நிற்க வேண்டும் என்ற சட்டம் இன்று நாடு முழுக்க இருக்கிறது. அது நான் எழுதிய முதல் சட்டம். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டாவதாக எழுதியதுதான் இது. அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், மாமன் மச்சான் என்று தெரிந்தவர்களுக்குள் நடந்த அடிதடி வழக்குகளில் கடந்த ஏழு வருடத்துக் கோப்புகளை எடுத்துப் படித்தேன். சத்தம் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் அபூர்வமாகத்தான் கை நீட்டியிருந்தார்கள். கை நீட்டியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்தவர்கள். எனவே பேசாமல் இருப்பதையே குற்றமாக்கினேன். முன்பு பேசிக்கொண்டிருந்த இருவர், ஒரே தெருவில் இருந்துகொண்டு, வேண்டுமென்றே முப்பது நாள் பேசாமல் இருந்தால் இருவருமே குற்றவாளிகள். தண்டனை, காவல் நிலையத்தில் ஒரு மேசையின் இருபுறமும் தினம் ஒரு மணி நேரம், பத்து நாள் உட்கார்ந்திருப்பது. அவ்வளவுதான். பேசியே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. கட்டாயப்படுத்தினால் வாயில் பொய்தான் வரும்.

எங்கள் தலைமை வரைவாளருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். யார் எழுதினாலும் பாதியை வெட்டிவிடுவார். அவர் என் வரைவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் யாரோட பேசலைன்னு எப்படித் தெரியும்? மேலிடத்துல எல்லார் கையிலயும் வளையம் மாட்டிப் பேச்சை எண்ணலாம்னு சொல்றாங்க."

"வேண்டாம் சார். வீட்டுக்குள்ள ஒட்டுக்கேட்க ஆரம்பிச்சா உள்ள பேச்சும் நின்னுடும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்து புகார் கொடுத்தாத்தான் வழக்கு. வேற யாரும் கொடுக்கக் கூடாது."

"புகார் கொடுக்கறவனும் குற்றவாளிதானே? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க எவன்மா வருவான்? நூறு நாள்ல ஒரு வழக்குக்கூட வரலைன்னா சட்டம் செத்துப்போச்சுன்னு அர்த்தம், தெரியுமில்ல?"

தெரியும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய பயத்தைக் குலுக்கல் கொண்டு வந்தது. சீட்டைப் பிரித்துத் தெருவின் பெயரை வாசித்தார்கள். அந்தத் தெருவில் என் அக்கா சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். மாடியில் வீடு, கீழே கடை. நானும் அவளும் பேசி எட்டு வருடம் ஆகிறது.

தெருவில் சொந்தக்காரர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சொன்னால் என் சட்டத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். நூறு நாள்தானே, எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் இருப்பதைப் பற்றிச் சட்டம் எழுதியவள் எடுத்த முடிவு இது.

பள்ளியில் கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டார். "உங்க அக்கா கடையில பஞ்சர் ஒட்டலாமா, இல்ல அதுக்கும் நாலு தெரு தள்ளிப் போகணுமா?"

"நடந்து போங்க. உடம்புக்கு நல்லது," என்றேன்.

முதல் முப்பது நாளில் தெரு எங்களை வேடிக்கை பார்த்தது. நாங்கள் தெருவை வேடிக்கை பார்த்தோம். எங்கள் மாடியில் ஒரு கணவனும் மனைவியும் பூனையின் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லு," என்பாள் அந்த அம்மாள், பூனையிடம். பூனைக்கு அலுத்துவிட்டது. ஆனால் யாரும் காவல் நிலையத்துப் படி ஏறவில்லை. தெருமுனைப் பலகையில் நாள் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. அதன் கீழே வழக்குகள் என்ற இடத்தில் சுழியம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கத்தரிக்கோல் தினமும் காலையில் போன் செய்து "என்னம்மா?" என்று மட்டும் கேட்பார். அதற்கே எனக்கு எரிச்சல் தலைக்கேறும்.

அக்காவைத் தினமும் பார்த்தேன். பார்க்காத மாதிரிப் பார்த்தேன். சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு கண்ணை இடுக்கிக் கோட்டம் பார்ப்பாள். முடி பாதி நரைத்திருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு நிலையத்திலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். முதல் வழக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அம்மா, பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவர், புகாரை என் பக்கம் தள்ளினார். புகார் கொடுத்தவர், சைக்கிள் கடைக்காரர். எதிராளி என்ற இடத்தில் என் முகவரி இருந்தது.

"இது செல்லாது," என்றேன். "சட்டம் எழுதினவங்க மேல வழக்குப் போட முடியாது. எல்லாச் சோதனைச் சட்டத்துலயும் அந்த விலக்கு உண்டு. கடைசிப் பக்கத்துல பாருங்க."

ரைட்டர் அம்மா எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். "காணோமே மேடம்."

இல்லைதான். கத்தரிக்கோல் வழக்கம்போலத் தேவையில்லாத வரி என்று வெட்டியிருக்கிறார். "முழுவதும் படித்து ஒப்புக்கொண்டேன்" என்று அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தது நான். அந்த முழுவதும் என்பதில் கடைசிப் பக்கத்தை நான் படிக்கவில்லை. நான் எழுதியதை நானே எதற்குப் படிக்க வேண்டும் என்ற திமிர். அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் கத்தரிக்கோல் சிரித்த சிரிப்பு ரைட்டர் அம்மாவுக்கே கேட்டது.

"நீ இதுலேர்ந்து நழுவினா, சட்டத்தை இன்னிக்கே குப்பையில போட்டுடுவேன். போய் உட்காரு," என்றார். தெருவில் சொந்தம் இருப்பதை மறைத்ததற்கு அவர் தனியாகக் கொடுத்த டோஸை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

பத்து மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு கூஜாத் தண்ணீர். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். அக்கா ஒரு சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அதை மேசைமேல் வைத்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கத் தொடங்கினாள். நான் கோப்பைத் திறந்து ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. சக்கரம் மட்டும் வேறு.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஊர் முன்னாடி என் மூக்கை உடைக்கணும்னுதானே இதைப் பண்ணினே?"

அவள் நிமிராமல் சொன்னாள். "அதுக்கு நான் எதுக்கு? கையெழுத்துப் போட்டு நீயே உடைச்சுக்கிட்டியே."

கதவுக்கு வெளியே ரைட்டர் அம்மா இருமலை அடக்கினார். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"அப்புறம் எதுக்கு?"

"இந்த எட்டு வருஷத்துல ரெண்டு தடவை உன் பழைய வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்டீ. ஒரு தடவை உங்க கேட்ல கையே வச்சுட்டேன். என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல. சைக்கிளைத் திருப்பிட்டேன். இப்ப இந்தச் சட்டத்தை வீடு வீடாக் கொடுத்தாங்க. படிச்சேன். சாக்கு கிடைச்சுது. நானா வரல, சட்டம் கூப்பிட்டுது, வந்தேன்."

ஏழு வருட வழக்குகளைப் படித்து நான் கண்டுபிடிக்காத காரணம் அது. யார் முதலில் இறங்கிப் போவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தது. வந்துதான் ஆக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால், வரிசைச் சட்டம் பாஸாவதற்கு முந்தின வாரத்தில், வழக்கப்படி எங்களை வரைவாளர் விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியாள் தொடர்பு கிடையாது. வீட்டில் ஆபத்து என்றால் கூப்பிட ஒரே ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அது அக்காவிடம் இருந்தது. அப்பா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் வேலை கெடக் கூடாது என்று அப்பாவே வேண்டாம் என்றிருப்பார் என ஊரார் சமாதானம் சொன்னார்கள். அக்கா எதுவுமே சொல்லவில்லை. அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன்.

"அப்பா வேண்டாம்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

அவள் சக்கரத்தைக் கீழே வைத்தாள். "இல்ல. கூப்பிடுன்னுதான் சொன்னாரு. மூணு தடவை சொன்னாரு. நான்தான் கூப்பிடல."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. ரைட்டர் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். "மேடம், பாதியில போனா முதல்லேர்ந்து எண்ணணும். மூணாவது நாளுக்குள்ள வரலைன்னா வழக்கை மூடிடணும். அப்புறம் உங்க ரெண்டு பேர் மேலயும் இந்தச் சட்டத்துல எப்பவுமே வழக்கு எடுக்க முடியாது. நீங்க எழுதினதுதான்."

நான் எழுதியதுதான். யாரும் யாரையும் இதை வைத்துத் துரத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்று எழுதினேன். இப்போது மூன்று நாளில் ஒரு கதவு மூடப்போகிறது. மூடினால் அவள் இன்னொரு தடவை வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் அக்காவை எனக்குத் தெரியும்.

முதல் நாள் வீட்டில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் போட்ட டீயில் குற்றம், அவர் போட்டிருந்த சட்டையில் குற்றம். அவர் பரீட்சைத் தாள்களை ஒதுக்கி வைத்தார்.

"கோபம் இருக்கா?"

"இருக்கு. மூணு தடவை கேட்டிருக்காருங்க. மூணு தடவை!"

"நியாயமான கோபம்தான். அதை அங்கே போய்ப் படேன். சம்பந்தமில்லாம டீ மேல ஏன் படறே?"

எரிந்து விழலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டேன். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அன்று இரவு முழுக்க முயன்றும் முடியவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனேன். அக்கா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சக்கரம் கொண்டு வரவில்லை. முந்தின இரண்டு நாளும் வந்து ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டுப் போனாளாம். ரைட்டர் அம்மா என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஏன் கூப்பிடலை?" என்றேன் உட்காராமலேயே.

"முதல் நாள், சரியாயிடும்னு நினைச்சேன். நீ அந்தச் சட்டத்துக்காக ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சிருந்தே. ரெண்டாவது நாள் கூப்பிடலாம்னா, நேத்தே ஏன் கூப்பிடலைன்னு நீ கேட்பியேன்னு பயம். மூணாவது நாள் ரெண்டு நாளுக்குப் பதில் சொல்லணும். அஞ்சாவது நாள் போனைக் கையில எடுத்துட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு மணி நேரம் நின்னேன்டீ. என்னால முடியல. தப்புதான். என் தப்புதான். வேற யாரும் காரணமில்ல."

எட்டு வருடமாக அவளுக்கு நான் பல காரணங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பொறாமை, அப்பாவைத் தனக்கே வைத்துக்கொள்ளும் ஆசை, என்னைத் தண்டிக்கும் எண்ணம். அவள் வெறுமனே பயந்துபோய் வராந்தாவில் நின்றாள் என்பது மட்டும் என் மண்டையில் உதிக்கவே இல்லை. ஒரு நாள் தள்ளிப்போடுவதே அடுத்த நாளை இன்னும் கடினமாக்கும் என்பதைப் பற்றி நான் முப்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"உன் சட்டம் பாஸாயிடுச்சான்னு கேட்டாரு. ஆயிடுச்சுப்பான்னு சொல்லிட்டேன். அடுத்த நாள்தான் ஆச்சு. ஆனா அவர் கேட்டப்போ ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன். சந்தோஷப்பட்டாரு. பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட, இனிமே எவனும் குறுக்க நுழைய முடியாது, என் சின்ன மக வச்சிருக்கா ஆப்புன்னாரு."

நான் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, நிலையம் முழுக்கக் கேட்கும்படி அழுதேன். அக்காவும் அழுதாள். ரைட்டர் அம்மா கூஜாவை நிரப்பும் சாக்கில் உள்ளே வந்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்றைய கணக்கு ஒன்று.

சட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எழுதினவளே ஒரு மணி நேரம் கம்பி எண்ணுகிறாளாம் என்று தெரு நன்றாகச் சிரித்தது. சிரித்த வாயோடு ஒவ்வொருவராக நிலையத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவளே போயிருக்கிறாள், நமக்கென்ன கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார்களோ என்னவோ. நூறு நாளில் பதினாலு வழக்குகள். இரண்டு ஜோடி பத்து நாளும் உட்கார்ந்தும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே போனார்கள். அதையும் மறைக்கவில்லை. குற்றவாளி நான் என்பதால் அறிக்கையைக் கத்தரிக்கோல்தான் எழுதினார். இப்படி ஒரு சட்டம் நடைமுறையில் சாத்தியமே இல்லை என்று தான் நினைத்ததாகவும், நினைத்தது தப்பு என்றும் முதல் வரியிலேயே எழுதினார். அந்த வரியை அவர் வெட்டவில்லை. இப்போது சட்டம் இன்னும் மூன்று தெருக்களில் சோதனைக்குப் போயிருக்கிறது. வளையம் இல்லாமல்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் பத்து நாள் முடிந்ததற்கு அடுத்த நாளைப் பற்றி.

அன்று எனக்கு நிலையத்தில் வேலை எதுவும் இல்லை. காலையில் எழுந்தேன், குளித்தேன், பத்து மணிக்கு அறை வாசலில் நின்றேன். அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரைட்டர் அம்மா இடுப்பில் கை வைத்தார். "உங்க வழக்கு நேத்தோட முடிஞ்சுது. வெளியில தச்சுப் பட்டறை அண்ணன் தம்பி காத்திருக்காங்க. நாற்காலியை விடுங்கம்மா."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு ஆள் ஏணி போட்டு விளக்குக் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கோபம் போயிடுச்சா?" என்றாள்.

"இல்ல. பாதி இருக்கு."

"எனக்கும் இருக்கு." அவள் நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டினாள். "எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஏன்னு கேட்கலையேடீ நீ. நீ வந்து நாலு அறை விட்டு ஏன்டீ கூப்பிடலைன்னு கேட்டிருந்தாக்கூட அன்னிக்கே சொல்லியிருப்பேனே. நீயா தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டே."

அது உண்மை. அந்தக் குற்றத்துக்கு என்னிடம் எந்த விலக்கும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்துதான் நான் கேட்கவில்லை.

"அதை எப்ப பேசறது?" என்றேன்.

"நாளைக்குப் பேசலாம். பத்து மணிக்குக் கடைக்கு வா."

"வரலைன்னா?"

"முப்பது நாள் பார்ப்பேன். அப்புறம் கேஸ் போட்டுடுவேன்."

"ஒருத்தர் மேல ரெண்டாவது தடவை போட முடியுமான்னு தெரியல. பார்த்துச் சொல்றேன், அக்கா," என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். பத்து நாளும் அக்கா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் நீ, உன்னை என்றே ஓட்டியிருக்கிறேன். அவள் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் சட்டத்தில் மூஞ்சியைத் திருப்புவது குற்றம் என்று சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.